பாலைவன ஃபேண்டஸி தொடர் எழுதுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்: கிணறு முதல் ஜின் வரை

அரபு நிலத்தை மாதிரியாக வைத்து, பல பாகங்களாக ஓடும் மிகுபுனைவு நாவல் எழுதத் தொடங்குகிறவர்களுக்கு வரும் சந்தேகங்களும் அவற்றுக்கான பதில்களும் இவை. பதில்கள் உண்மையான அரபுத் தீபகற்பத்தின் நிலம், நீர், வரலாறு ஆகியவற்றிலிருந்து எடுக்கப்பட்டவை. உங்கள் உலகத்துக்கு ஏற்றபடி பெயர்களையும் தெய்வங்களையும் மாற்றிக்கொள்ளுங்கள். தண்ணீர்க் கணக்கை மட்டும் மாற்றாதீர்கள்.

முதலில் எதை முடிவு செய்வது? வரைபடமா, மந்திர முறையா, கதாபாத்திரங்களா?

கிணறுகளை. கோட்டை, தலைநகரம், மந்திரவாதியின் கோபுரம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

சுமை ஏற்றிய ஒட்டகச் சாத்து, அதாவது வணிகப் பயணக் கூட்டம், மணிக்கு 4 முதல் 5 கி.மீ. நடக்கும். ஒரு நாளுக்கு எட்டு மணி நேர நடை என்று வைத்தால் 30 முதல் 40 கி.மீ. வெற்றுத்தாளில் முதலில் கிணறுகளைப் புள்ளியாக வையுங்கள். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் மூன்று நாள் நடைத் தொலைவுக்கு, அதாவது சுமார் 100 கி.மீ. ஆரத்துக்கு, ஒரு வட்டம் போடுங்கள். ஒரு கிணற்றின் வட்டத்துக்குள் அடுத்த கிணறு விழுந்தால் அங்கே பாதை உண்டு. இரண்டு பாதைகள் வெட்டிக்கொள்ளும் கிணற்றில் சந்தை வரும், சந்தை ஊராகும். எந்த வட்டத்துக்குள்ளும் அடங்காமல் வெளியே கிடக்கும் நிலம்தான் உங்கள் கதையின் உண்மையான ஆபத்து மண்டலம். அதற்குத் தனியாகப் பூதம் எதுவும் தேவைப்படாது.

புதிதாக எழுதுகிறவர்கள் பலர் அழகான தலைநகரத்தை வெறும் மணலின் நட்டநடுவில் வைத்துவிட்டு, மூன்றாம் பாகத்தில் அதை முற்றுகையிடப் பத்தாயிரம் பேர் கொண்ட படையை அனுப்புகிறார்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 6 லிட்டர் என்றாலே அந்தப் படைக்கு ஒரு நாளைக்கு 60,000 லிட்டர் வேண்டும். ஓர் ஒட்டகம் 150 லிட்டர் சுமந்தால், ஒரு நாள் தண்ணீருக்கு மட்டும் 400 ஒட்டகங்கள்; ஐந்து நாள் வழிக்கு 2,000. பாலைவனப் போர் பெரும்பாலும் சிறு குழுக்களின் திடீர்த் தாக்குதலாகவே இருந்ததற்கு இந்தக் கணக்கு ஒரு முக்கியக் காரணம். பெரும்படை வேண்டுமென்றால் ஆற்றங்கரை வழியாகவோ கடற்கரை வழியாகவோ கொண்டுவாருங்கள். அல்லது படை வருமுன்பே வழிக்கிணறுகளைக் கைப்பற்ற யாரையாவது அனுப்புங்கள். அதுவே நல்ல ஓர் அத்தியாயம்.

பாலைவனம் என்றால் முழுக்க மணல்தானே?

இல்லை. அரபு நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மணல். மீதி சரளைக்கல் சமவெளி, கரும்பாறை எரிமலைக் குழம்பு வெளிகள், உப்புச் சதுப்பு, வறண்ட ஆற்றுப் படுகை, மலை. தெற்கிலுள்ள ரூப் அல் காலி என்ற பெருமணல் சுமார் 6,50,000 சதுர கி.மீ. பரப்பு, அதன் மணற்குன்றுகளில் சில 250 மீட்டர் உயரம் வரை எழும்பி நிற்கும். ஆனால் அதே தீபகற்பத்தின் தெற்குக் கரையில், ஓமனின் தோஃபார் பகுதியில், ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று தூறல் கொடுத்து மலையைப் பச்சையாக்கிவிடும். கேரளத்தை நனைக்கிற அதே காற்றுதான். உங்கள் உலகில் இப்படி ஒரு பச்சை ஓரம் இருந்தால், அதற்காக நடக்கும் சண்டைக்குக் காரணம் தேடி அலைய வேண்டாம்.

நிலவகை ஒவ்வொன்றும் பயணத்தை வெவ்வேறு விதமாகத் தடுக்கும். எரிமலைக் கல் ஒட்டகத்தின் மெத்தென்ற பாதத்தைக் கிழிக்கும். பாதத்தில் தோல் துண்டு வைத்துத் தைக்கும் வழக்கம் பதூயின்கள் எனப்படும் அரபு நாடோடிகளிடம் உண்டு. உப்புச் சதுப்பு மேலே காய்ந்து வெள்ளைத் தரையாகத் தெரியும், உள்ளே சேறு; மழைக்குப் பிறகு ஒட்டகம் வழுக்கி விழுந்து கால் முறியும். மணற்குன்றின் காற்று வரும் பக்கம் சாய்வாக, கெட்டியாக இருக்கும், ஏறலாம். மறுபக்கம் 32 முதல் 34 பாகைச் சரிவு, கால் வைத்தால் சரியும். அந்தப் பக்கமாகச் சுமையோடு ஏறுவது நடக்காத காரியம். பிறை வடிவக் குன்றின் கொம்புகள் காற்று போகும் திசையை நோக்கி நிற்கும். மேகமூட்டத்திலும் இதைப் பார்த்து உங்கள் வழிகாட்டி திசை சொல்லலாம்.

ஒரு சிறு குழுவுக்கு எவ்வளவு தண்ணீர் தேவை? எப்படிச் சுமப்பார்கள்?

கோடை வெயிலில் நடக்கிறவருக்கு நாளைக்கு 8 முதல் 12 லிட்டர் வரை வேண்டும். நிழலில் படுத்துக் கிடந்தால் 4, 5 லிட்டர். குளிர்காலத்தில், சமையலையும் சேர்த்து, 6 லிட்டர் என்று வைக்கலாம். பாலைவனத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள் ஒட்டகப் பாலின் துணையோடு இதைவிட மிகக் குறைவாகச் சமாளிப்பார்கள். ஆனால் நகரத்திலிருந்து தப்பி வந்த உங்கள் இளவரசியால் அது முடியாது. அந்த வித்தியாசத்தைக் கதையில் காட்டுங்கள்.

தண்ணீர் ஆட்டுத்தோல் துருத்தியில் போகும். ஒரு துருத்தியின் கொள்ளளவை 25 லிட்டர் என்று கொள்ளுங்கள். தோல் வழியே கசிந்து ஆவியாவதால் உள்ளே இருக்கும் நீர் குளிர்ந்திருக்கும். அதே காரணத்தால் அளவும் குறைந்துகொண்டே வரும். ஆகவே கணக்கில் ஐந்தில் ஒரு பங்கைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

20 பேர், குளிர்காலம், அடுத்த கிணறு ஏழு நாள் என்றால்: 20 × 6 × 7 = 840 லிட்டர். கசிவுக்குச் சேர்த்து சுமார் 1,000. அது 40 துருத்தி. ஓர் ஒட்டகம் ஆறு துருத்தி சுமக்கும். ஆக ஏழு ஒட்டகங்கள் தண்ணீருக்கு மட்டும். அதே பயணத்தைக் கோடையில் ஆளுக்கு 10 லிட்டர் வைத்துப் போட்டால் 12 ஒட்டகங்கள்.

எங்கே தவறும்? துருத்தியின் தையல் காய்ந்து பிளக்கும். முள்ளில் உரசி ஓட்டை விழும். புதுத்தோலில் நீர் நாறும். இரவில் எவனோ ஒருவன் நான்கு துருத்தியின் வாய்க்கட்டை அவிழ்த்துவிட்டால், வாளெடுக்காமலே இருபது பேரைக் கொல்லும் வேலை அது. வந்து சேர்ந்த கிணறு மணலால் மூடியிருக்கலாம். தோண்ட அரைநாள் ஆகும், அந்த அரைநாளும் தண்ணீர் குடிக்கும். கிணற்று நீர் மனிதர் குடிக்க முடியாத உவர்ப்பாகவும் இருக்கலாம். அந்நேரம் கைகொடுப்பது பால் கறக்கிற பெட்டை ஒட்டகம்தான். உவர்நீரை ஒட்டகம் குடிக்கும், அதன் பாலை மனிதர் குடிப்பார்கள். கையில் மந்திரம் இல்லாதவர்கள் உயிர் பிழைக்க இதைவிட நல்ல வழி இல்லை.

ஒட்டகத்தைப் பற்றி எழுதும்போது அதிகம் தவறுவது எங்கே?

திமிலில் தண்ணீர் இருப்பதாக எழுதுவதில். திமிலில் இருப்பது கொழுப்பு. பட்டினி நாட்களில் அது கரைந்து திமில் தொங்கிவிடும். அனுபவமுள்ள ஒட்டகக்காரர் திமிலைத் தடவியே எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவார். தண்ணீரைத் தாங்கும் ரகசியம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒட்டகத்தின் உடல் வெப்பம் காலையில் 34 பாகைக்கு இறங்கி மாலையில் 41 வரை ஏறலாம். அதுவரை அது வேர்வையை வீணாக்காது. உடல் எடையில் கால் பங்கு அளவுக்கு நீரை இழந்தும் உயிரோடிருக்கும். பிறகு கிணற்றைக் கண்டால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் நூறு லிட்டர் வரை குடிக்கும்.

அடுத்த தவறு, எல்லாப் பருவத்திலும் ஒட்டகம் ஒரே மாதிரி தாங்கும் என்று நினைப்பது. குளிர்காலத்தில் பச்சை மேய்ச்சல் கிடைத்தால் வாரக்கணக்கில் தண்ணீர் இல்லாமல் இருக்கும். கொளுத்தும் கோடையில் சுமையோடு நடக்க வைத்தால் நாலைந்து நாளைக்கு ஒருமுறை காட்டியே ஆக வேண்டும்.

நெடும்பயணச் சுமை 150 முதல் 200 கிலோ. அதற்கு மேல் ஏற்றினால் முதுகில் புண் வரும், புண்ணில் புழு வைக்கும், பத்து நாளில் ஒட்டகம் உட்கார்ந்துவிடும். உட்கார்ந்த ஒட்டகம் எழ மறுத்தால் சுமையைப் பிரித்து மற்றவற்றில் ஏற்ற வேண்டும், அவையும் களைக்கும். ஒரு சாத்து இப்படித்தான் சிறுகச் சிறுக அழியும்.

சவாரிக்குப் பெட்டையே நல்லது. ஆண் ஒட்டகம் குளிர்காலத்தில் மதம் கொள்ளும். தொண்டையிலிருந்து சிவந்த பையொன்றை வாய்க்கு வெளியே தள்ளிக் கொப்பளிக்கும், கடிக்கும். சுமை ஏற்றும்போது முனகிக் கத்தும். இரவில் ஓசையில்லாமல் எதிரிக் கூடாரத்தை நெருங்க வேண்டிய காட்சியில் உங்கள் வீரர்களை ஆண் ஒட்டகத்தில் ஏற்றாதீர்கள். இரவில் ஒட்டகம் ஓடாமலிருக்க முன்னங்காலை மடக்கி முழங்காலில் கயிறு போடுவார்கள். அவசரமாகத் தப்பும் காட்சியில் அந்தக் கயிற்றை அறுக்க மறக்காதீர்கள்.

ஏறும் விதமும் முக்கியம். படுத்திருக்கும் ஒட்டகம் முதலில் பின்னங்காலைத் தூக்கும். அப்போது பின்னால் சாய்ந்து கொள்ளாதவன் தலைக்கு மேலாக மணலில் விழுவான். நகரத்து ஆளையும் பாலைவன ஆளையும் ஒரே வரியில் பிரித்துக் காட்ட இது போதும்.

குதிரையே வேண்டாமா? அரபுக் குதிரை புகழ்பெற்றதாயிற்றே?

வேண்டும், ஆனால் வாகனமாக இல்லை, ஆயுதமாக. குதிரைக்கு வெயிலில் நாளைக்கு 30, 40 லிட்டர் தண்ணீர் வேண்டும், தானியமும் வேண்டும். பதூயின்கள் ஒட்டகத்தில் ஏறிக்கொண்டு குதிரையை வெறுமுதுகோடு கயிற்றில் கூட்டிச் செல்வார்கள். அதற்கு ஒட்டகப் பால் ஊட்டுவார்கள். தாக்கும் இடத்துக்கு அருகில் வந்த பிறகே குதிரைக்கு மாறுவார்கள். ஆகவே குதிரை வைத்திருப்பது செல்வத்தின் அடையாளம். இந்தக் குதிரைகள்தாம் 13ஆம் நூற்றாண்டில் கப்பலேறி வந்து காயல் துறைமுகத்தில் பாண்டியர்களுக்குப் பெருவிலைக்கு விற்றன. உங்கள் உலகிலும் குதிரை பிறக்கும் நாடு ஒன்றாகவும் விலை கொடுக்கும் நாடு வேறாகவும் இருக்கட்டும்.

ஆயிரம் ஒட்டகங்கள் கொண்ட சாத்து கிணற்றுக்கு வந்து சேரும் காட்சியை எப்படி எழுதுவது?

நெரிசலாக. ஓர் ஒட்டகத்துக்கு 60 லிட்டர் என்று குறைத்தே வைத்தாலும் 60,000 லிட்டர். தோல் வாளியில் ஒரு தடவைக்கு 10 லிட்டர் இறைத்தால் 6,000 வாளி. வாளிக்கு ஒரு நிமிடம் என்றால் ஒரே கயிற்றில் நூறு மணி நேரம். நான்கு கயிறு போட்டால் ஒரு நாளுக்கும் சற்றே கூடுதல். அதற்குள் கிணறு ஊறிக் கொடுக்க வேண்டும். ஆழமான கிணறுகளில் மாட்டையோ கழுதையையோ ஒட்டகத்தையோ சரிவான பாதையில் இறக்கிக் கயிறிழுக்க வைப்பார்கள், நம் ஊர்க் கவலை ஏற்றம்போலவே.

ஆகவே பெரிய சாத்து பிரிந்து, நாள் விட்டு நாள் வந்து சேரும். யார் முதலில் என்பதற்கு முறை இருக்கும். முறையை மீறியவனுக்கும் மீறப்பட்டவனுக்கும் நடுவே கத்தி இருக்கும். பல குழுக்கள் சந்திக்கவும், சேதி பரவவும், உளவாளி ஒளிந்துகொள்ளவும் கிணற்றடிக் காத்திருப்பைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

மணற்புயலில் ஒரு படையே புதைந்து போகுமா?

நிமிடங்களில் புதையாது. கனமான மணல் துள்ளித் துள்ளித்தான் நகரும். அதன் பெரும்பகுதி தரையிலிருந்து ஒரு மீட்டருக்குள்ளேயே பறக்கும். கிலோமீட்டர் உயரத்துக்கு எழுவது நுண்தூசி. ஒட்டகத்தின் மேல் இருப்பவனுக்கு இடுப்புக்குக் கீழே மணல் அறைந்துகொண்டிருக்க, தலைக்கு மேலே வெளிறிய வானம் தெரியும் காட்சி உண்மையில் நடப்பதுதான். கொல்வது மூச்சுத் திணறலும், வழி தவறுவதும், நாட்கள் வீணாவதால் வரும் தாகமும்.

செய்ய வேண்டியது: ஒட்டகங்களைக் காற்றுக்குப் புறங்காட்டிப் படுக்க வைப்பது, அவற்றின் மறைவில் உட்காருவது, தலைத்துணியால் வாயையும் மூக்கையும் மூடுவது, துருத்திகளைக் கைக்கெட்டும் இடத்தில் வைப்பது. நடுவில் எழுந்து நடந்தவன் பத்தடியில் தொலைவான். வளைகுடாப் பக்கம் கோடையில் வடமேற்கிலிருந்து வீசும் ஷமால் பகலில் வலுத்து இரவில் தணியும். இடிமழையின் கீழ்க்காற்றால் எழும் தூசிச் சுவர் திடீரென வந்து விரைவில் கடந்துபோகும். இரண்டையும் ஒன்றாக்கிவிடாதீர்கள்.

வெள்ளமும் கொல்லும். எங்கோ மலையில் பெய்த மழை, துளி விழாத இடத்திலிருக்கும் ஆற்றுப் படுகையில் சுவராக இறங்கும். படுகையில் கூடாரம் போடும் வழிகாட்டி ஒன்று அறியாதவன், அல்லது துரோகி.

இரவில் வழி எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரமோ அதுதான் நிற்கும் இடத்தின் அட்சம். ரூப் அல் காலியில் அது சுமார் 20 பாகை. வடக்கே, ஜோர்டானின் பெட்ராவில் 30. வடக்கே 111 கி.மீ. போனால் ஒரு பாகை உயரும். கையை நீட்டி விரல்களால் அளந்தே இதைக் கணிக்கலாம். தெற்கில் ஸுஹைல் இருக்கிறது; நாம் அகத்தியர் நட்சத்திரம் என்கிறோமே, அதே விண்மீன். ஆகஸ்ட் கடைசியில் விடியலுக்கு முன் அது மீண்டும் தென்பட்டால் கோடையின் முதுகெலும்பு முறிந்தது என்று அரபு நாடோடிகள் அறிவார்கள். கார்த்திகைக் கூட்டம் வசந்தத்தின் முடிவில் நாற்பது நாள் போலச் சூரிய ஒளியில் மறைந்து, ஜூனில் விடியலில் எழும்; அது உச்ச வெயிலின் தொடக்கம்.

நிலாவில் பலர் தவறுகிறார்கள். மெல்லிய வளர்பிறை சூரியன் மறைந்ததும் மேற்கே தெரிந்து சீக்கிரமே மறையும். நள்ளிரவில் கிழக்கே வளர்பிறை எழுந்தது என்று எழுதினால் அந்த உலகமே ஆட்டம் காணும். முழுநிலவு மட்டுமே இரவு முழுக்க இருக்கும். இரவுப் பயணத்தை அதைச் சுற்றி அமைத்துக்கொள்ளுங்கள். எதிரியும் அன்றைக்குத்தான் நன்றாகப் பார்ப்பான். உங்கள் உலகில் இரண்டு நிலா என்றால் ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் சுற்று என்று முதல் பாகத்திலேயே எழுதி வையுங்கள். ஐந்தாம் பாகத்தில் கணக்கு உங்களைத் துரத்தும்.

நடுப் பாலையில் பெரிய நகரம் இருக்க முடியுமா?

முடியும், தண்ணீரைச் சேர்க்கும் பொறியியல் இருந்தால். மூன்று மாதிரிகள் சொல்கிறோம்.

ஓமனின் ஃபலஜ்: மலையடியில் தாய்க்கிணறு வெட்டி, நிலத்தடியில் மிக மெல்லிய சரிவில் கால்வாய் கொண்டுவருவார்கள். வழியெங்கும் மேலே காற்றுக்கும் தூர் எடுக்கவும் குழிகள். சரிவு கூடினால் நீர் கால்வாயையே அரித்து இடிக்கும். குறைந்தால் வண்டல் அடைக்கும். ஊருக்குள் வரும் நீர் முதலில் குடிக்க, பிறகு குளிக்க, பிறகு பேரீச்சைக்கு, மீதி பருவப் பயிருக்கு. பங்கை நேரத்தால் அளப்பார்கள். ஒரு பங்கு சுமார் அரை மணி நேரம். பகலில் நிழற்கோல், இரவில் நட்சத்திரம். ஓமனில் இன்றும் சுமார் 3,000 ஃபலஜ்கள் ஓடுகின்றன. நீர்ப் பங்கை விற்கலாம், அடகு வைக்கலாம், சீதனமாகக் கொடுக்கலாம் என்று வைத்தால் நகர அரசியல் தானாகவே உருவாகிவிடும்.

பெட்ராவைத் தலைநகராகக் கொண்ட பழங்கால அரபு மக்களான நபாத்தியரின் தொட்டி: பாறையில் குறுகிய வாய், உள்ளே போகப் போக அகலம். வாயை மூடி அடையாளத்தைத் தங்களுக்குள் மட்டும் வைத்துக்கொள்வார்கள். துரத்தி வந்த படை தாகத்தில் திரும்பிப் போகும்.

யேமனின் மாரிப் அணை: சுமார் 600 மீட்டர் நீளம், ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வயலுக்கு நீர் கொடுத்தது, பலமுறை உடைந்து பழுதுபார்க்கப்பட்டு, கி.பி. 6ஆம் நூற்றாண்டில் கைவிடப்பட்டது. வண்டல் படிந்து வயல் மட்டம் உயர உயர அணையையும் உயர்த்திக்கொண்டே போக வேண்டும். பழுதுபார்க்க ஆள் திரட்ட முடியாத அரசு வந்தால் கதை முடிந்தது. ஒரு பேரரசு எப்படி விழுந்தது என்று வாசகர் கேட்டால், இருண்ட சாபத்தைவிட இது வலுவான பதில்.

நகரம் பார்வைக்கு எப்படியிருக்கும் என்பதற்கு, யேமனின் ஹழ்ரமௌத் பகுதியிலுள்ள ஷிபாம் நகரைப் பாருங்கள். வெறும் மண்கல்லில் ஏழெட்டு மாடி வீடுகள், பெரும்பாலும் 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கீழ்த்தளம் தானியத்துக்கு, மேல்தளங்கள் குடும்பத்துக்கு. பூச்சை அடிக்கடி புதுப்பிக்காவிட்டால் மழை தின்றுவிடும்.

இந்த உலகத்துக்குப் பணம் எங்கிருந்து வரும்?

எடை குறைவு, விலை அதிகம், வேறெங்கும் கிடைக்காது என்ற மூன்றும் சேர்ந்த பொருளிலிருந்து. உண்மை அரபு நிலத்தில் அது சாம்பிராணி வகையைச் சேர்ந்த குந்திருக்கம். தோஃபாரிலும் ஹழ்ரமௌத்திலும் வளரும் மரத்தின் பட்டையைச் சீவுவார்கள். முதல் சீவலில் வடிவது தரம் குறைந்தது. ஓரிரு வாரம் கழித்து மறுபடி சீவுவார்கள். மூன்றாவது முறைக்கு மேல் வருவதே உயர்ந்த சரக்கு. அளவுக்கு மீறிச் சீவினால் மரம் நலிந்து விதைகள் முளைக்காது. பேராசை பிடித்த ஆளுநர் ஒருவரைக் கதையில் வைக்க இது போதும்.

ரோமானியரான பிளினி எழுதி வைத்த விவரம் அருமையானது. தென் அரபுத் திம்னா நகரிலிருந்து காஸா வரை 65 ஒட்டக நிறுத்தங்கள். வழி நெடுகத் தீனிக்கும் தண்ணீருக்கும் சுங்கத்துக்கும் பூசாரிக்கும் கொடுத்து ஓர் ஒட்டகத்துக்கு 688 தெனாரி (ரோமானிய வெள்ளிக்காசு) செலவு. சரக்கு ஷப்வா நகருக்குள் ஒரே ஒரு வாயில் வழியாகத்தான் நுழைய வேண்டும்; பாதையை விட்டு விலகினால் மரண தண்டனை; பத்தில் ஒரு பங்கு தெய்வத்துக்கு. ஒரு கடத்தல்காரனின் கதை முழுக்க இதற்குள்ளேயே இருக்கிறது.

தமிழருக்கும் இந்தக் கரையில் தடம் உண்டு. தோஃபாரின் குந்திருக்கத் துறைமுகமான கோர் ரோரியில் தமிழ் பிராமியில் பெயர் பொறித்த பானை ஓடு கிடைத்திருக்கிறது, ஏறத்தாழ கி.பி. முதல் நூற்றாண்டு. கடல் கடந்து வரும் வணிகனாக ஒரு தமிழ்ச் சாயல் கொண்ட பாத்திரம் அங்கே இயல்பாகவே பொருந்துவார்.

ஜின்னை எப்படி எழுதுவது? விளக்கைத் தேய்த்தால் மூன்று வரமா?

மூன்று வரம் என்ற வரம்பு அலாவுதீன் கதையின் பழைய வடிவில் கிடையாது. அந்தக் கதையே 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சிரியாவின் அலெப்போவைச் சேர்ந்த ஹன்னா தியாப் சொல்லக் கேட்டு, பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளர் காலான் 'ஆயிரத்தொரு இரவுகள்' தொகுப்பில் சேர்த்தது.

அரபு மரபில் ஜின் புகையற்ற நெருப்பிலிருந்து படைக்கப்பட்ட இனம். உண்ணும், மணக்கும், பிள்ளை பெறும், சாகும். நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. தேர்ந்தெடுக்கும் உரிமை அவற்றுக்கும் இருக்கிறது. பாழடைந்த வீடு, கிணறு, இடுகாடு, வாசற்படி இவை அவற்றின் இருப்பிடம். இரும்புக்கு அஞ்சும் என்பது பரவலான நம்பிக்கை. இஃப்ரீத், மாரித் வலிமை மிக்கவை. கூல் வழிப்போக்கரைப் பெண்ணுருவில் மயக்கித் திசை திருப்பும். எந்த உருவெடுத்தாலும் பாதம் மட்டும் கழுதைக் குளம்பாகவே இருக்கும். ஒரே வெட்டில் சாகும், இரண்டாம் வெட்டு விழுந்தால் உயிர்த்தெழும். ஹாதிஃப் உருவமில்லாமல் குரல் மட்டும். நஸ்நாஸ் பாதி உடல் கொண்டது: ஒரு கை, ஒரு கால்.

இவற்றில் ஒன்றிரண்டை எடுத்து ஆழமாக எழுதுங்கள். எல்லாவற்றையும் கொட்டினால் காட்சிசாலையாகிவிடும். மணற்குன்றின் சரிவில் மணல் வழியும்போது விமானம் போல உறுமும் ஓசை உண்மையிலேயே எழும்; மக்கள் அதை ஜின்னின் குரல் என்றார்கள். வாசகர் முதல் பாகம் முழுக்க இது மணலா ஜின்னா என்று ஐயத்தோடே இருக்கட்டும்.

ஒரு வேண்டுகோள். ஜின் பல கோடி பேருக்குக் கதையல்ல, நம்பிக்கை. இறைவசனங்களை மந்திர உச்சாடனமாக்குவதும், நபிமார்களைப் பாத்திரமாக்குவதும் வேண்டாம். உங்கள் உலகத்துக்கென்று தனி வழிபாட்டை உருவாக்கிக்கொள்ளுங்கள்.

மந்திரத்தால் தண்ணீர் வரவழைக்கலாமா?

வெறுமையிலிருந்து வரவழைத்தால் கிணறு, வட்டம், சுங்கம், போர் எல்லாம் ஒரே நொடியில் பொருளிழக்கும். ஆகவே எங்கிருந்தோ எடுத்ததாக இருக்கட்டும். நாயகி ஒரு துருத்தி நிரப்பினால் இருபது கி.மீ. தள்ளி ஒரு கிணறு அந்த அளவுக்குக் குறைய வேண்டும். முதலில் அவளுக்கு அது தெரியாது. இரண்டாம் பாகத்தில் வற்றிய ஊருக்கு அவளே வந்து சேருவாள்.

நாடோடிக் குழுக்களின் சட்டம் எப்படிச் செயல்படும்?

நான்கு வழக்கங்களைப் பிடித்துக்கொண்டால் போதும். விருந்தாளிக்கு மூன்று நாள் உணவும் காவலும். பகைவனே ஆனாலும் கூடாரத்துக்குள் வந்து அடைக்கலம் கேட்டால் காக்க வேண்டும். அந்நியக் குழுவின் நிலத்தைக் கடக்க அந்தக் குழுவைச் சேர்ந்த ஒருவரைத் துணையாகக் கூட்டிச்செல்ல வேண்டும். அவர் உடன் இருக்கும்வரை உங்களைத் தொட்டால் அவர் மானத்தைத் தொட்டதாகும். கொலைக்குப் பழி ஐந்து தலைமுறை உறவுக்குள் சுமக்கப்படும். ஒட்டகங்களாக ஈடு கொடுத்தும் தீர்க்கலாம். இவை ஒன்றோடொன்று மோதும் இடத்தில் கதையை வையுங்கள்: தந்தையைக் கொன்றவன் விருந்தாளியாக வந்து நிற்கிறான், இன்னும் இரண்டு நாள் பாக்கி.

பெண் பாத்திரங்கள் அந்தப்புரத்தில்தான் இருக்க வேண்டுமா?

அசீரிய அரசர்களின் கல்வெட்டுகள் கி.மு. 8ஆம் நூற்றாண்டிலேயே ஸபீபே, ஷம்ஸி என்ற அரபு அரசிகளைச் சொல்கின்றன. சிரியப் பாலைவன நகரான பல்மைராவின் அரசி ஸெனோபியா 3ஆம் நூற்றாண்டில் ரோமை எதிர்த்தார். அரபு அரசி மாவியா 4ஆம் நூற்றாண்டில் படை நடத்தி ரோமைச் சமாதானத்துக்கு இறக்கினார். யேமனை ஆண்ட அர்வா 1138இல் இறக்கும்வரை அதிகாரத்தில் இருந்தார். நாடோடி வாழ்விலும் வெள்ளாட்டு மயிரில் கறுப்புக் கூடாரம் நெய்வதும் அதை நட்டுப் பிரிப்பதும் பெண்கள்தாம்.

உணவு, ஆயுதம், உடையில் காலம் தவறாமல் இருக்க?

9ஆம் நூற்றாண்டு பாக்தாத் போன்ற உலகம் என்றால் காபி கிடையாது. அது யேமனில் 15ஆம் நூற்றாண்டில் பரவியது. மிளகாய், தக்காளி, உருளை, புகையிலை அமெரிக்காவிலிருந்து 16ஆம் நூற்றாண்டுக்குப் பின் வந்தவை. காகிதம் உண்டு. வளைந்த வாளும் அந்தக் காலத்துக்குப் பொருந்தாது. பழைய அரபு வாள்கள் நேரானவை. அரபுக் கவிகள் புகழ்ந்த இந்திய உருக்கின் தடயங்கள் கொடுமணலிலும் இலங்கையின் சமனலவெவவிலும் அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன. உடை தளர்வாக, உடல் முழுக்க மூடியதாக இருக்கட்டும். வெற்றுத்தோளோடு வெயிலில் நடக்கும் வீரன் மாலைக்குள் கொப்புளமாகிவிடுவான்.

பெயர்களைத் தமிழில் எப்படி வைப்பது?

அரபியின் நான்கு தனி ஒலிகள் நம் க-வில் போய்ச் சேர்ந்துவிடும். காசிம், காலித், காலிப் என்று மூவரை வைத்தால் பத்தாம் பக்கத்திலேயே வாசகர் தொலைந்துபோவார். முக்கியமான ஆறு பேருக்கு ஆறு வெவ்வேறு முதலெழுத்து வையுங்கள். கிரந்த எழுத்து ஒரு பெயருக்கு இரண்டைத் தாண்ட வேண்டாம். 'அப்துல்' தனியே நிற்கும் பெயரல்ல. அதற்குப் பின் இறைப்பெயர் வந்தாக வேண்டும். கற்பனை மதத்துக்கு, இஸ்லாத்துக்கு முந்தைய 'அப்து ஷம்ஸ்' போன்ற அமைப்பு உதவும். சூரியனின் அடியார் என்பது பொருள். மகன் என்பதற்கு இப்னு, மகளுக்கு பின்த், மூத்த பிள்ளையை வைத்து அழைக்க அபூ, உம்மு. மரியாதையாக விளிக்கும் இடத்தில் இந்த அபூ, உம்மு வடிவங்களைப் பயன்படுத்துங்கள். மற்ற இடங்களில் ஒரே ஒரு பெயர் போதும்.

தொடரைப் பாகங்களாகப் பிரிக்க நல்ல வழி?

பருவத்தால் பிரியுங்கள். அக்டோபர் முதல் மார்ச் வரை பயணமும் மழையும் மேய்ச்சலும். நெடும்பயணப் பாகம் அங்கே. ஏப்ரல், மே மாதங்களில் புல் காய்ந்து குழுக்கள் கிணற்றை நோக்கித் திரும்பும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை யாரும் நகர மாட்டார்கள். எல்லாரும் ஒரே நீரைச் சுற்றி அடைந்து கிடப்பார்கள். அரண்மனைச் சூழ்ச்சி, முற்றுகை, திருமணம், துரோகம் எல்லாவற்றுக்கும் உரிய காலம் அது. பேரீச்சை அறுவடையும் அப்போதுதான். கடன் தீர்க்கும் நேரம்.

தனியாக ஒரு நோட்டு வையுங்கள். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஐந்தே தகவல்: மாதமும் நிலாவும், எந்தக் கிணற்றிலிருந்து எத்தனையாவது நாள், மீதித் துருத்தி, உயிரோடிருக்கும் ஒட்டகங்கள், யாருக்கு யார் மேல் பழி பாக்கி. ஒட்டகத்தின் சூல்காலம் சுமார் 13 மாதம் என்பதால், முதல் பாகத்துக் குளிர்காலத்தில் சினைப்பட்ட பெட்டை அடுத்த குளிர்காலத்தில்தான் கன்று போடும், பாலும் அதன் பிறகே. அதற்கு முன் எங்காவது உங்கள் நாயகன் அதில் பால் கறந்திருந்தால், அந்தப் பக்கத்தைத் திருத்துங்கள்.